வெள்ளைப் பூ வந்த வண்டி

பழைய கார் விற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாங்கப் போகிறவளுக்குத் துணை என்று கூட வருகிற ஆண்களை அதைவிடப் பிடிக்காது. இந்த இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு என் தலைக்கு மேலாகப் பேசிய ஒரு கோடை விடுமுறையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று கொஞ்ச நாள் தள்ளிப் போட்டேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. சரி, சூட்டோடு சூடாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். வீடு அன்னூரில், பள்ளிக்கூடம் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலுமாக வருஷக்கணக்கில் போய் வந்தவள். தை மாதம் இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. ஸ்கூட்டரைத் தொடக் கூடாது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். காலை நேரத்து சத்தி ரோட்டுப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்புகிற மனிதர். விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை நல்லவிதமாகவே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இது தானாக வந்து வாய்த்த நல்ல காலம். "உட்டுபோட்டு ஊட்ல இரு புள்ள, நமக்கு என்ன கொறை?" என்றார். தோட்டம் இருக்கிறது, கடை வாடகை வருகிறது, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி எதற்கு வேலை என்பது அவருடைய வாதம். ஈரோட்டில் இருக்கும் அவருடைய அக்காவும் போனில் அதையே பாடினார். எனக்கு அந்த வேலை வேண்டும். அறிவுக் கண்ணைத் திறக்கிறேன், சமுதாயத்தைத் திருத்துகிறேன் என்று மேடையில் சொல்கிற காரணம் எதுவும் என்னிடம் இல்லை. காலையில் அந்த வீட்டை விட்டு வெளியே போய், என்னைக் கண்டு நாலு பேர் வாயை மூடுகிற ஓர் இடத்தில் இருந்துவிட்டு வர எனக்கு வேறு வழி இல்லை. வேலை போனால் அடுப்படிக்கும் டிவிக்கும் நடுவில் கிடப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதனால் கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன். சின்னக் கார், பழையது, என் சொந்தச் சேமிப்பில். லைசென்ஸ் முன்பே எடுத்து வைத்திருந்தேன். படுத்துக்கிடந்த நாட்களில் போனில் பழைய கார் சோதிக்கிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். நோட்டம் விடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் ஒரு துணிப்பையில் சேர்ந்தது. ஒரு டார்ச், கீழே மண்டியிட ஒரு பழைய துண்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாங்காய்க் காந்தம். தகரம் இருந்தால் காந்தம் பிடிக்கும். அடிபட்ட இடத்தில் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தால் பிடிக்காமல் நழுவும். இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்.

தனியாகப் போகிறேன் என்றேன். பொம்பளை தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் கிளம்பினார். அவர் கூட வந்ததால் ஏமாற்றுவது எவ்வளவு சுலபமானது என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

முதலில் அவிநாசி ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கிற இடம். தகரக் கொட்டகையின் கீழே வரிசையாகக் கார்கள், எல்லாம் கழுவி எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுங்கின. நடத்துகிறவர் நெற்றி நிறையத் திருநீறும் கை நிறையச் சாவியுமாக வந்து வீட்டுக்காரரைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க சார், டீ சாப்டறீங்களா சார்" என்றார். கார் எனக்கு என்று சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மேடத்துக்குங்களா சார்?" என்று மறுபடியும் அவரிடமே கேட்டார்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் காரைக் காட்டினார். ஒரே ஓனராம், அதுவும் டீச்சரம்மாவாம், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தவிர வண்டி எங்கேயும் போனதே இல்லையாம். பழைய கார் விற்கிறவர்களிடம் கேட்டால் இந்த ஜில்லாவில் கார் ஓட்டியவர்கள் டாக்டர்களும் டீச்சர்களும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் நடந்தே போயிருக்கிறார்கள். பானெட்டைத் திறக்காமல் முதலில் மேலே கையை வைத்தேன். சுட்டது. ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது வருகிற சத்தமும் புகையும் நமக்குத் தெரியக் கூடாது என்று முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் மனிதர். கேட்டதற்கு, சும்மா ஒரு ரவுண்டு போய் வந்தேன் என்றார். கிலோமீட்டர் ரொம்பக் குறைவாகக் காட்டியது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. அவ்வளவு கொஞ்சமாக ஓட்டிய டீச்சரம்மா இரவும் பகலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாரா என்று கேட்டேன். அசடு வழிந்தார்.

காந்தத்தை ஒரு கர்ச்சீப்பில் சுற்றிப் பின் கதவில் வைத்தேன். நழுவிக் கீழே விழுந்தது. கொஞ்சம் மேலே வைத்தேன். அங்கேயும் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வீட்டுக்காரர் அந்த ஆளிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இவ எப்பவுமே இப்புடித்தான்."

பொய் சொன்னவனிடம் இவர் மன்னிப்புக் கேட்கிறார். எதற்கு? பொய்யைக் கண்டுபிடித்ததற்கு. கணபதி பக்கம் இருந்த இன்னொரு கன்சல்டிங்கிலும் இதே கதைதான். அங்கே ஒரு சிவப்பு வண்டி. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். இது நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. கிளட்ச் போயிற்று என்று அர்த்தம். வேண்டாம் என்று இறங்கினேன். வீட்டுக்காரர் அங்கேயும் அரை மணி நேரம் நின்று, அவருக்குத் தோட்டம் எங்கே, சொந்த ஊர் எது என்று விசாரித்து, தூரத்துச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த ஆளின் மனம் கோணாமல் விடைபெற்று வந்தார். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து இறங்கியதும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்றார். வாங்கப் போனது காரைத்தான், அது கிடைக்காததால் மானத்தையாவது வாங்கினேன் என்றேன். அன்று ராத்திரி தோசை அவர் தட்டில் மட்டும் கருகியது. வேண்டுமென்றேதான் செய்தேன்.

மே மாதம் பாதி போயிருக்கும்போது ஈரோட்டிலிருந்து போன் வந்தது. எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையா என்னிடம் எப்போதும் பாசமாகத்தான் பேசுவார். அதனால்தான் அவர் போன் வந்தால் நான் உஷாராகிவிடுவேன். அவர்கள் வீட்டிலேயே ஒரு சின்ன வெள்ளைக் கார் சும்மா நிற்கிறது, மகன் பெரிய கார் வாங்கிக்கொண்டான், அதை நீயே எடுத்துக்கொள் என்றார். "ஒறம்பரைக்குள்ளயே வண்டிய வெச்சுக்கிட்டு நீ எதுக்கு அம்மணி கண்டவன் வாசல்லயும் போயி நிக்கோணும்?" ஒறம்பரை என்றால் சொந்தம்.

நங்கையாவின் புருஷன் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். முறைப்படி எனக்கு அண்ணன். அவர் தராசில் ஒரு மஞ்சள் துண்டு கூடக் குறையாது, நிறை குறைந்தால் தன் கையிலிருந்து போட்டுக் கொடுப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. விவசாயிகள் மற்ற மண்டிகளை விட்டுவிட்டு அவரிடம் கொண்டுவந்து கொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு வண்டி என்றதும் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நல்லது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

"பாக்கறதுக்கு என்ன அம்மணி இருக்குது? பூக் கேட்டாச்சு. வெள்ளையே வந்துருச்சு."

பூக் கேட்பது என்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். இரண்டும் பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும். மனதில் நினைத்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுக்க, கிணறு வெட்ட, காடு தோட்டம் வாங்க என்று எங்கள் பக்கத்தில் இது இல்லாமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள், அதற்கும் வெள்ளைதான் வந்தது. அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்கிறவர்கள் மேல்தான். என்னவென்று கேட்டீர்கள் நங்கையா என்று விசாரித்தேன். இந்த வண்டி நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டுமா தாயே என்று கேட்டாராம். வண்டி நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு விநோதமாகத்தான் பட்டது, ஆனால் போனில் அதற்கு மேல் நோண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பையை என் கையிலிருந்து வாங்கிச் சோபாவில் வைத்தார்.

"சாமி சொன்னதுக்கு அப்பறமும் காந்தத்த வெச்சுப் பாப்பியா நீ? அதும் எங்க அக்கா ஊட்ல?"

நியாயமாகப் பார்த்தால் நான் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். அவர் சிநேகிதர் ஒருவர் காரில் எங்களைக் கொண்டுபோய் விட்டார். திரும்பும்போது நம் வண்டியிலேயே வந்துவிடலாம் என்று வீட்டுக்காரர் அவரை அனுப்பிவிட்டார். எல்லாம் முடிவு செய்தாகிவிட்டது என்பது அந்த ஏற்பாட்டிலேயே தெரிந்தது.

ஈரோட்டு வீட்டு வாசலில் வண்டி மாலையோடு நின்றது. சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். உள்ளே கூடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் சாவி. நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு எப்படி இருக்கிறது அம்மணி என்று கேட்டார். அண்ணன் தோளில் துண்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். வா என்று தலையசைத்தார், அதற்கு மேல் பேசவில்லை. சாதாரணமாக நன்றாகப் பேசுகிற மனிதர். அடுப்படியில் கோழி வறுக்கிற வாசனை வந்தது. சாப்பிட்டுவிட்டு நல்ல நேரத்தில் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றார் நங்கையா.

சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வர எழுந்தார். நங்கையா அவரிடம் இளநீர் டம்ளரை நீட்டியதால் உட்கார்ந்துவிட்டார். அந்த இளநீருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை மூக்கில் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு சென்ட் பாட்டில் தொங்கியது, பின் சீட்டில் இன்னொன்று. சாமிக்குக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் மூடிய வண்டிக்குள் மூச்சு விட்டதும் அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. மழைக்காலத்தில் சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியின் வாசனை.

காந்தம் இல்லை, டார்ச் இல்லை. ஆனால் இதற்கு அவை தேவையில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். நாம் மாட்டிக்கொள்கிற அளவுக்கு அல்ல, உள்ளே சுருண்டிருக்கிற கடைசி முழம் வரைக்கும். அந்தக் கடைசி முழம் சாதாரணமாக வெளியே வராது, அதனால் வண்டியைக் கழுவுகிறவர்கள் அதைக் கழுவ மாட்டார்கள். மேலே வந்த பகுதி புதுப் பட்டை மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் இறுகியது. இன்னும் இழுத்தேன். காவிக் கறை படிந்த பட்டை வெளியே வந்தது, குறுக்கே கோடு போட்ட மாதிரி தண்ணீர் நின்ற தடம். என் விரல்களில் மண் உதிர்ந்தது.

இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். மேலே புது விரிப்பு. அதைத் தூக்கினேன், ஸ்டெப்னி டயர். இடுப்பு வலிக்க வலிக்க அதை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். குழியில் வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, குளம் வற்றிய இடம் மாதிரி. அதில் மட்கிய ஒரு புளிய இலைக் கொத்து கூட ஒட்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். சீட் முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தண்டவாளம் சொரசொரவென்று துரு. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. இப்படிப்பட்ட வண்டி கொஞ்ச நாள் நல்லாவே ஓடும். அப்புறம் ஒயர்களுக்குள் புகுந்த ஈரம் வேலையைக் காட்டும். ஒருநாள் ஹெட்லைட் அணையும், ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது, ஒருநாள் சத்தி ரோட்டில் லாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிடும்.

டிக்கியை மூடவில்லை. கையைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அப்படியே கூடத்துக்குள் போய் அண்ணன் முன்னால் நின்றேன். வண்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன்.

அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார், மறுபடியும் தோளில் போட்டார். நங்கையா, அம்மன் வெள்ளைப் பூவைக் கொடுத்திருக்கிறாள், இதில் உனக்கு என்ன சந்தேகம் என்றார். வீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, முதலில் போய்க் கையைக் கழுவு என்றார். நான் நகரவில்லை. வகுப்பில் ஒருத்தன் பதில் சொல்லாமல் நின்றால் நானும் பேசாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், எப்படியும் வாயைத் திறந்துவிடுவான். அதையே அங்கே செய்தேன்.

அண்ணன்தான் கடைசியில் மென்று முழுங்கிக்கொண்டு சொன்னார். போன ஐப்பசி மழையில் ஓடை பெருகித் தெருவுக்குள் வந்துவிட்டதாம். வண்டிக்குள் சீட் வரைக்கும் தண்ணீராம். ஆனால் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று, இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அது அவருக்கே பெருமையான காரியமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்படி நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் இத்தனை மாதமாக வெளியில் விற்கவில்லை என்று கேட்டேன். அவரை முந்திக்கொண்டு வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஏதோ பொறுமையாக விளக்கிச் சொல்கிற மாதிரி, கணக்கு வராத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"வெளிய வித்து அது நடுவழில நின்னுபோச்சுன்னா மச்சான் பேரு என்னத்துக்கு ஆவும்? மண்டில நாலு பேரு மொகத்துல முழிக்கோணுமல்ல? நாமன்னா வெளிய சொல்லமாட்டோம், பொறுத்துக்குவோம். அதான் நம்ம ஊட்டுக்கே எடுத்துக்கலாம்னு சொன்னேன்."

சொன்னேன் என்றார். அக்கா சொன்னதாகச் சொல்லவில்லை. இது அவருடைய யோசனை. எனக்கு அப்போதுதான் ஐப்பசியில் ஒரு நாள் ஞாபகம் வந்தது. அக்கா வீட்டில் ஏதோ சோலி என்று ஈரோட்டுக்குப் போனவர், முழங்கால் வரைக்கும் சேறாகத் திரும்பி வந்தார். கேட்டதற்கு மண்டியில் மழைத் தண்ணீர் என்றார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்த ஆட்களில் அவரும் ஒருத்தராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பேன்ட்டை இரண்டு தண்ணீர் மாற்றித் துவைத்தவள் நான்.

யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் யாருக்கும் நேர்மை இல்லை என்று சொல்ல முடியாது. மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிற முன்பின் தெரியாத ஆளுக்கு நிறை குறையக் கூடாது. முன்பின் தெரியாத ஆளுக்கு முங்கின வண்டியை விற்றால் பேர் கெட்டுவிடும். எனக்கு விற்கலாம். என் காசை வாங்கிக்கொண்டு, மாலை போட்டு, தாம்பாளத்தில் வைத்து, அம்மனிடம் ஒரு வார்த்தையும் கேட்டு, என் தலையில் கட்டலாம். நான் வெளியே சொல்ல மாட்டேன், நான் பொறுத்துக்கொள்வேன், நான் வீட்டு மனுஷி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவர்கள் தங்கள் ஆளாக நினைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

சாவியைத் தாம்பாளத்தில் வைத்தேன். நங்கையா கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். பூக் கொடுத்ததை மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். அண்ணன் எழுந்து நின்றார். நான் அவரிடம்தான் பேசினேன். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, வெளியாளுக்குன்னா நீங்க இந்த வண்டியக் குடுக்கமாட்டீங்க. அப்ப நான் வெளியாளாவே இருந்துக்கறேனுங்க."

அடுப்படியில் கோழி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்து சமைத்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போவது கையை நீட்டி அடிப்பதற்குச் சமம். அதைத் தெரிந்தே செருப்பை மாட்டினேன். வாசலில் டிக்கி இன்னும் திறந்துதான் கிடந்தது, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழி முழுக்க அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன்.

அடுத்த வாரம் தனியாகப் போய்க் கார் வாங்கினேன். சிங்காநல்லூரில் ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று எழுதி நிறுத்தியிருந்தது. ஓனர் ரிட்டயரானவர், முகம் தெரியாத ஆள். அவரும் பொய்தான் சொன்னார். வண்டி ஒரு கீறல் கூடப் படாதது என்றார். காந்தம் முன் பக்கக் கதவில் நழுவியது. உடனே அவர் முகம் சிவந்து, கல் தூணில் இடித்துவிட்டது, மருமகள் ஓட்டினாள், சொல்ல மறந்துவிட்டேன் என்று தடுமாறினார். பின் பக்க ஷாக் அப்சர்வர் ஒன்று தொம் தொம்மென்று அடித்தது, அதையும் காட்டினேன். ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்தார். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இன்னும் எதிலாவது மாட்டிக்கொண்டால் நான் என்ன சொல்வேனோ என்று அந்த மனிதர் கடைசி வரைக்கும் பயந்துகொண்டே நின்றார். என்னைக் கண்டு பயந்தவரிடம்தான் நான் நிம்மதியாக வண்டி வாங்கினேன்.

ஈரோட்டு வண்டியை அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேறு யாருக்கும் விற்கவில்லை, அந்த மட்டுக்கும் அவர் பேர் காப்பாற்றப்பட்டது. நங்கையா போன் செய்வதில்லை. நானும் செய்வதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாடு, கரன்ட் பில், தோட்டத்து மோட்டார் என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். அவர் ஒரு தடவை கூட மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் தெரியாத கன்சல்டிங்காரர்களிடமெல்லாம் வாரி வாரிக் கேட்ட மனிதர்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் வண்டியை எடுத்தபோது, முதல் நாளே தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன் என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கச் சொல்லவில்லை. அன்னூர் தாண்டும் வரைக்கும் கியரை எப்போது மாற்ற வேண்டும், எந்த லாரிக்கு வழி விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோவில்பாளையம் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டார். "இன்னும் எங்கக்கா மேல கோவமாத்தான் இருக்கறயா?"

"அக்கா மேல இல்லீங்க. உங்க மேலதான்."

சீட் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு இங்கேயே இறக்கிவிட்டுவிடு, பஸ்ஸில் திரும்பிப் போய்க்கொள்கிறேன் என்றார். பஸ் ஸ்டாப்பில் ஓரம் கட்டினேன். இறங்கிக் கதவைச் சாத்தினார். அந்த வண்டியில் இடது பக்கக் கதவு லேசில் மூடாது. கண்ணாடியை இறக்கி, "நல்லா அடிச்சுச் சாத்துங்க" என்றேன். இரண்டாம் தடவை ஓங்கிச் சாத்தினார். காந்திபுரம் நெரிசலில் ஒரு தடவை எஞ்சின் நின்றது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மறுபடியும் கிளப்பிக்கொண்டு முதல் மணிக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.